ஃபில்லட் வெல்ட்: மேலே தெரியும் பீடும் உள்ளே மறைந்திருக்கும் ரூட்டும்

நான் முதன்முதலில் மனநிறைவோடு போட்டு முடித்த ஃபில்லட் வெல்டைச் சுத்தியலால் அடித்து உடைக்கச் சொன்னார், எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்த வெல்டர். பீடு, அதாவது வெல்ட் போட்ட உலோக வரி, சீராக இருந்தது. அலைகள் ஒரே அளவில் விழுந்திருந்தன. அதன் மேல் படிந்த ஸ்லாக் என்ற கசடு ஓடு லேசாகத் தட்டியதுமே உரிந்து வந்திருந்தது. நான்காவது அடியில், நின்றுகொண்டிருந்த பிளேட் கீல் வைத்த கதவு போல மடங்கித் தனியாக வந்துவிட்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்தப் பிளேட்டின் அடி விளிம்பு, அறுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே கூராக இருந்தது. அறுத்த கோடுகள்கூட அழியவில்லை. நான் ஊற்றிய உலோகம் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே பாலம் போல உட்கார்ந்திருந்ததே தவிர, மூலைக்குள் இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து ஃபில்லட் வெல்டைப் பார்க்கும் கண்ணே எனக்கு மாறிவிட்டது. வெல்டின் பலம் முடிவாகிற இடம் போட்டு முடித்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதை முன்கூட்டியே சரியாக அமைக்க வேண்டும், போடும்போது கவனிக்க வேண்டும், பயிற்சித் துண்டுகளை உடைத்துப் பார்க்க வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எதை ஃபில்லட் என்கிறோம்

இரண்டு உலோகப் பரப்புகள் ஏறக்குறையச் செங்கோணமாகச் சந்திக்கும் மூலையை, முக்கோண வடிவில் உலோகத்தால் நிரப்பி இணைத்தால் அது ஃபில்லட் வெல்ட். ஒரு பிளேட்டின் மேல் இன்னொன்றை நிமிர்த்தி வைத்துப் போட்டால் டீ ஜாயிண்ட். ஒன்றின் மேல் ஒன்றைப் படுக்க வைத்து ஓரத்தில் போட்டால் லேப் ஜாயிண்ட். இரண்டு விளிம்புகள் எல் வடிவில் சேர்ந்தால் கார்னர் ஜாயிண்ட். விளிம்போடு விளிம்பு வைத்துச் சேர்க்கும் பட் ஜாயிண்டில் தடிமனான பிளேட் என்றால் விளிம்பைச் சரிவாக வெட்டித் தயார் செய்ய வேண்டும். ஃபில்லட்டுக்கு அந்த வேலை இல்லை, மூலை ஏற்கெனவே இருக்கிறது. கட்டுமானத்திலும் ஃபேப்ரிகேஷனிலும் இது இவ்வளவு அதிகமாகப் புழங்குவதற்கு அதுதான் காரணம்.

வெல்டைக் குறுக்காக அறுத்து அந்த முகத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கோணம் தெரியும். இரண்டு பிளேட்டுகளும் சந்திக்கும் உள்மூலை ரூட், அதாவது வேர். அங்கிருந்து ஒவ்வொரு பிளேட்டின் மேலும் வெல்ட் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அது லெக். ஒரு வெல்டுக்கு இரண்டு லெக். வெல்ட் முடிந்து பிளேட் தொடங்கும் கோட்டை டோ என்பார்கள். ஆற்றுக்குக் கரை மாதிரி என்பதால் நான் அதைக் கரை என்றே சொல்லப்போகிறேன். வெளியே தெரியும் பரப்பு ஃபேஸ். ரூட்டிலிருந்து ஃபேஸுக்கு உள்ள மிகக் குறுகிய தூரம் த்ரோட்.

த்ரோட்டை மட்டும் கொஞ்சம் நின்று புரிந்துகொள்ளுங்கள். அளவு மீறிய சுமை வந்தால் வெல்ட் பெரும்பாலும் அந்தக் குறுகிய இடத்தில்தான் பிய்யும். அதனால் பலக் கணக்கு முழுவதும் த்ரோட்டை வைத்துத்தான். இரண்டு லெக்கும் சமமாக, ஃபேஸ் தட்டையாக இருந்தால் த்ரோட் என்பது லெக்கின் 0.707 மடங்கு. 6 மி.மீ. லெக் என்றால் சுமார் 4.2 மி.மீ. த்ரோட். 8 மி.மீ. என்றால் சுமார் 5.7. 6 மி.மீ. லெக்கில் 100 மி.மீ. நீளம் போட்டால் சுமையைத் தாங்குவது ஏறத்தாழ 424 சதுர மி.மீ. பரப்பு. அந்தப் பரப்பு முழுவதும் நல்ல உலோகமாக இருந்து, இரண்டு பிளேட்டையும் உருக்கிப் பிடித்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

ஃபேஸின் வடிவம் இங்கே நம்மை ஏமாற்றும். நடுவில் குழிந்த வெல்டில் லெக்கை அளந்தால் 8 மி.மீ. காட்டும், ஆனால் த்ரோட் 4.5 மி.மீ. மட்டுமே இருக்கலாம். பலத்தில் அது 6 மி.மீ.யைச் சற்றே தாண்டிய வெல்ட், அவ்வளவுதான். புடைத்த வெல்டில் இதற்கு நேர்மாறு: நடுவில் உலோகம் நிறைய இருக்கும், ஆனால் அந்தப் புடைப்பு பலக் கணக்கில் சேராது. கரையில் செங்குத்தாக ஏறி நிற்பதால், சுமை மாறி மாறி வரும் இடங்களில் விரிசல் அங்கே தொடங்கவும் வழியாகிவிடும். லெக்குகள் சமமில்லாமல் ஒன்று 6, ஒன்று 10 என்று இருந்தால் அதை 6 மி.மீ. வெல்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். மீதி உலோகமும் நேரமும் வீண்.

வரைபடம் என்ன கேட்கிறது

ராடை, அதாவது உருகி வெல்டாகும் எலெக்ட்ரோடு கம்பியை, கையில் எடுக்கும் முன் வரைபடத்தைப் படியுங்கள். குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து ஜாயிண்டை நோக்கி ஓர் அம்பு, கோட்டின் மேல் ஒரு சிறு செங்கோண முக்கோணம். அந்த முக்கோணம்தான் ஃபில்லட். அமெரிக்க முறையில் முக்கோணம் கோட்டுக்குக் கீழே இருந்தால் அம்பு தொடும் பக்கம், மேலே இருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம், இரண்டிலும் இருந்தால் இரு பக்கமும். அம்பு வளையும் இடத்தில் சிறிய வட்டம் இருந்தால் சுற்றிலும் போட வேண்டும். முக்கோணத்துக்கு இடப்பக்கம் உள்ள எண் அளவு, வலப்பக்கம் உள்ளது நீளம். 50-150 என்று இருந்தால் 50 மி.மீ. நீளமுள்ள வெல்டுகள், ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 150 மி.மீ. இடைவெளி 150 என்று நினைத்துப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போட்டால் வெல்டின் எண்ணிக்கை குறைந்து ஜாயிண்ட் வலுவிழக்கும்.

ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) முறை வரைபடங்களில் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து இருக்கும். இசட் என்றால் லெக், ஏ என்றால் த்ரோட். ஏ5 என்பதை 5 மி.மீ. லெக் என்று படித்துவிட்டால் கேட்டதில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். ஏ5-க்கு லெக் சுமார் 7 மி.மீ. வேண்டும். அதே முறையில் விட்டு விட்டுப் போடும் வெல்டுக்கு அடைப்புக்குறிக்குள் வரும் எண், வெல்டுகளுக்கு இடையே உள்ள வெற்று இடைவெளியைத்தான் சொல்கிறது. எந்த முறை வரைபடம் என்று தெரியாவிட்டால் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

எவ்வளவு பெரிதாகப் போடுவது

பெரிதாகப் போட்டால் பலம் என்ற எண்ணம் புதியவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 6 மி.மீ. லெக்கின் முக்கோணப் பரப்பு 18 சதுர மி.மீ. 8 மி.மீ. லெக்குக்கு 32. ஒரு மீட்டருக்குச் சுமார் 140 கிராம் இரும்பு இறங்க வேண்டிய இடத்தில் 250 கிராம் இறங்குகிறது. பலமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. கூடுதலாக இறங்கிய வெப்பம் முழுவதும் பிளேட்டை வளைக்கப் போகிறது. 12 மி.மீ. போட்டால் பலம் இரண்டு மடங்கு, உலோகம் நான்கு மடங்கு. வரைபடம் 6 கேட்டால் 6 முதல் 7 வரை போட்டு நிறுத்துவதுதான் நல்ல வேலை.

மிகச் சிறிதாகவும் போகக் கூடாது. தடித்த பிளேட்டில் சின்ன வெல்ட் போட்டால், சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதன் வெப்பத்தை ஒரே நொடியில் உறிஞ்சிவிடும். தண்ணீரில் தோய்த்த மாதிரி அது கெட்டிப்பட்டு விரிசல் விடலாம். அதனால்தான் அமெரிக்காவின் கட்டமைப்பு வெல்டிங் விதிமுறையான ஏ.டபிள்யூ.எஸ். டி1.1, பிளேட்டின் தடிமனைப் பார்த்துக் குறைந்தபட்ச அளவு சொல்கிறது. 6 மி.மீ. வரை தடிமனுக்கு 3 மி.மீ. லெக், 6-க்கு மேல் 12 வரை 5, 12-க்கு மேல் 20 வரை 6, அதற்கும் மேலே 8. லேப் ஜாயிண்டில் மேல் எல்லையும் உண்டு. மேல் பிளேட் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் என்றால் வெல்ட் அதைவிட 2 மி.மீ. குறைவாக நிற்க வேண்டும். அந்த 2 மி.மீ. விளிம்பு அப்படியே தெரிந்தால்தான் விளிம்பு உருகிக் கரையவில்லை, அளவும் நிஜம் என்று நம்ப முடியும். மேற்பொருந்தும் தூரம் மெல்லிய பிளேட்டின் தடிமனைப் போல ஐந்து மடங்காவது, 25 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ராடு பற்றும் முன்

துரு, பெயிண்ட், எண்ணெய், ஈரம் எதுவும் ஜாயிண்டில் இருக்கக் கூடாது. மூலையிலிருந்து இரண்டு பக்கமும் 25 மி.மீ. வரை கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். நிமிர்ந்து நிற்கும் பிளேட்டின் அடி விளிம்பை மறந்துவிடாதீர்கள். ரூட் உருவாவதே அங்கேதான். கேஸ் கட்டிங்கின் கரிய படலம் அந்த விளிம்பில் ஒட்டியிருந்தால் போராசிட்டி எனும் வாயுத் துளைகள், ஸ்லாக் இரண்டையும் நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே போடுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் போல உடம்பைப் போட்டு ஆட்டும். காற்றோட்டமும் முகமூடியும் கட்டாயம்.

அடுத்து இடைவெளி. பிளேட்டுகள் ஒட்டி உட்கார வேண்டும். 2 மி.மீ. இடைவெளியோடு 6 மி.மீ. லெக் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப் பிளேட்டின் மேல்பரப்பிலிருந்து அளந்தால் 6 இருக்கும். ஆனால் முதல் 2 மி.மீ. வெறும் சந்துக்கு எதிரே நிற்கிறது. நின்ற பிளேட்டைப் பிடித்திருப்பது 4 மி.மீ. மட்டுமே. வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது. அதனால் விதிமுறை, இடைவெளி ஏறத்தாழ 2 மி.மீ.யைத் தாண்டினால் அந்த அளவை லெக்கோடு கூட்டிப் போடச் சொல்கிறது. பொதுவாக 5 மி.மீ.க்கு மேல் இடைவெளியை அனுமதிப்பதில்லை. கம்பியையோ உடைந்த ராடையோ சந்தில் செருகி மேலே பூசி மூடுவது தொழிலுக்குச் செய்யும் துரோகம். அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

டேக், அதாவது பிளேட்டை இடத்தில் பிடித்து வைக்கும் சிறு வெல்டுகள், போடும்போது நின்ற பிளேட்டின் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் ஆறும்போது சுருங்கி அந்தப் பக்கமே பிளேட்டை இழுத்துவிடும். வேறு வழியில்லை என்றால் பிளேட்டை ஓரிரு டிகிரி எதிர்ப்பக்கம் சாய்த்து டேக் போட்டால், வெல்ட் இழுக்கும்போது நேராக வந்து நிற்கும். டேக்கும் வெல்டுதான். விரிசல் விட்ட டேக்கின் மேல் ரன் (ஒரு முறை ஓட்டும் வெல்ட் வரி) போடாமல் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

ராடைப் பற்றி ஒன்று. இ6013 பழகுவதற்கு எளிது, கொஞ்சம் ஈரத்தையும் தாங்கும். இ7018 அப்படியில்லை. அது ஹைட்ரஜன் குறைவாக வர வேண்டும் என்பதற்காகவே செய்த ராடு. ஈரம் பிடித்தால் அந்தக் குணமே போய்விடும். பெட்டியைத் திறந்ததும் குறைந்தது 120 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஓவனில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ராடின் மேல் உள்ள முதல் இரண்டு இலக்கம் வெல்ட் உலோகத்தின் இழுவிசைப் பலம், சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டு கணக்கில். 70 என்றால் 70,000.

போடும்போது எங்கே பார்ப்பது

3.15 மி.மீ. இ6013-க்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை பெட்டியில் போட்டிருக்கும். டீ ஜாயிண்டுக்கு அந்த வரம்பின் மேல்பாதியிலிருந்து தொடங்குங்கள். தட்டையான பட் ஜாயிண்டில் வெப்பம் இரண்டு திசையில் ஓடுகிறது. டீயில் கீழே இரு பக்கமும் மேலேயும் என மூன்று திசையில் ஓடுகிறது. அதே ஆம்பியரில் போட்டால் மூலை குளிர்ந்தே கிடக்கும். என் முதல் வெல்ட் பிய்ந்ததற்கு இதுவே காரணம். ராடு ஒட்டிக்கொள்கிறது, பீடு கயிறு போட்டது போல உருண்டு நிற்கிறது என்றால் கரண்ட் போதவில்லை. ராடு பாதியிலேயே சிவந்து, பொறி அதிகமாகத் தெறித்து, கரை அரித்துப்போனால் கரண்ட் கூடிவிட்டது.

கோணம் இரண்டு வகையில் பார்க்க வேண்டும். இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 45 டிகிரி. தடிமன் வேறுபட்டால் தடித்த பிளேட்டின் பக்கம் ராடின் முனையைக் கொஞ்சம் திருப்புங்கள், வெப்பம் அதற்குத்தான் அதிகம் வேண்டும். அப்புறம் போகும் திசையில் 10 முதல் 15 டிகிரி சாய்த்து, ராடை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆர்க்கின், அதாவது ராடின் முனைக்கும் பிளேட்டுக்கும் நடுவே எரியும் மின்சுடரின், நீளம் ராடின் கம்பி விட்டத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இ7018 என்றால் அதைவிடவும் நெருக்கமாக. நீண்ட ஆர்க் சத்தமாகச் சீறும், தெறிக்கும், காற்றை உள்ளே இழுக்கும். சரியான ஆர்க் சீராகப் பொரிகிற ஓசை தரும்.

இனி முக்கியமானது. ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காதீர்கள், அதன் பின்னால் உள்ள குழம்பைப் பாருங்கள். கண்ணாடி போல வழுவழுப்பாகத் தெரிவது உருகிய உலோகம். அதன் பின்னால் சுருக்கம் விழுந்த படலமாக மிதந்து வருவது ஸ்லாக். உலோகக் குழம்பின் முன்விளிம்பு மூலைக்குள் இறங்கி, இரண்டு பிளேட்டையும் ஒரே நேரத்தில் நனைக்க வேண்டும். குழம்பு மூலையைத் தாண்டிப் பாலம் கட்டிக்கொண்டு முன்னால் போகிறது, மூலையில் ஒரு சின்னக் கருப்புச் சந்து தெரிகிறது என்றால் ரூட் பிடிக்கவில்லை. ஆர்க்கைக் குறுக்கி வேகத்தைச் சரிசெய்யுங்கள், போதாவிட்டால் நிறுத்திக் கரண்டைக் கூட்டுங்கள். ஸ்லாக் ஆர்க்கை முந்திக்கொண்டு முன்னால் ஓடினாலும் அதே கதிதான். அப்போது சாய்வைக் கொஞ்சம் கூட்டி, ஆர்க்கின் தள்ளுவிசையால் ஸ்லாக்கைப் பின்னால் நிறுத்துங்கள்.

வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு சொல்கிறேன். 350 மி.மீ. நீளமுள்ள 3.15 ராடில் பிடிக்கிற முனை போக 300 மி.மீ. எரியும். 6 மி.மீ. லெக்குக்கு அந்த உலோகம் ஏறத்தாழ 100 மி.மீ. நீளத்துக்குத்தான் வரும், 5 மி.மீ. லெக்குக்குச் சுமார் 150. ஒரு ராடில் 200 மி.மீ. ஓட்டிவிட்டால் அளக்காமலே தெரிந்துகொள்ளலாம், வெல்ட் சிறிதாகத்தான் இருக்கும். பிளேட்டில் 100 மி.மீ.க்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு பழகினால் ஒரு வாரத்தில் கைக்கு வேகம் வந்துவிடும்.

நிறுத்தும் இடத்தில் ராடைச் சட்டென்று உருவாதீர்கள். குழி விழுந்து, அந்தக் குழியின் நடுவில் நட்சத்திரம் போல விரிசல் விடும். ஒரு நொடி நின்று, கொஞ்சம் பின்னால் வந்து குழியை நிரப்பிவிட்டு எடுங்கள். மறுபடி தொடங்கும்போது ஸ்லாக்கை முழுவதும் தட்டிப் பிரஷ் போட்டு, குழிக்குச் சற்று முன்னால் ஆர்க் பற்றவைத்து, பின்னால் குழிக்குள் வந்து, அது நிரம்பியதும் முன்னே போங்கள். பிளேட்டின் மற்ற இடத்தில் ராடைத் தேய்த்துப் பற்றவைக்கும் பழக்கம் வேண்டாம். அந்தச் சிறு தழும்பிலிருந்தும் விரிசல் தொடங்கும்.

படுக்கை நிலையில் ஒரே ரன்னில் 8 மி.மீ.க்கு மேல் போட முயலாதீர்கள். உலோகம் கீழே வழிந்து, மேல் லெக் குறைந்து, மேல் கரை அரித்துவிடும். முதல் ரன் மூலையில், இரண்டாவது கீழ்ப் பிளேட்டை அதிகம் பிடித்து, மூன்றாவது அதன் மேல் சாய்ந்து மேல் பிளேட்டைப் பிடித்து. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஸ்லாக்கைச் சுத்தமாக எடுங்கள்.

ராடுக்குப் பதில் சுருளிலிருந்து கம்பி வந்து, கேஸ் அதைக் காற்றிலிருந்து காக்கும் வயர் வெல்டிங்கில் பழகுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. குறைந்த வோல்டேஜில் தடித்த பிளேட்டில் ஓட்டினால் அச்சில் வார்த்தது போல அழகான பீடு வரும், அடியில் பிடிப்பே இருக்காது. ஆர்க் குழம்பின் முன்விளிம்பிலேயே நிற்கட்டும். திறந்தவெளியில் என்றால் காற்றை மறையுங்கள், மணிக்கு 8 கி.மீ. காற்றே கேஸை அடித்துக்கொண்டு போய்விடும்.

ஆறிய பிறகு

ஸ்லாக் தட்டும்போது நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். வெல்டிங் மறைப்பைத் தூக்கிவிட்டுத் தட்டும்போதுதான் கண்ணில் சில்லு அடிக்கிறது. வயர் பிரஷ் போட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணால் பரிசோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 17637 குறைந்தது 350 லக்ஸ் வெளிச்சம் கேட்கிறது, 500 இருப்பது நல்லது என்கிறது. கண் 600 மி.மீ.க்குள், பார்வை பரப்போடு 30 டிகிரிக்குக் குறையாத கோணத்தில். பட்டறையின் மங்கலான மூலையில் நின்றபடி பார்த்துச் சரி சொல்லாதீர்கள். ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் கரையில் உள்ள அரிப்பு நிழலாகத் தெரியும்.

ஃபில்லட் கேஜில் ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு வடிவம் உண்டு. புடைத்த வெல்டுக்கு லெக்கை அளக்கும் வடிவம், குழிந்த வெல்டுக்கு நடுவில் முனை உள்ள வடிவம். அந்த நடுமுனை ஃபேஸைத் தொடாமல் வெளிச்சம் தெரிந்தால் த்ரோட் போதவில்லை. ஓரிடத்தில் அளந்து விட்டுவிடாமல், தொடக்கம், நடு, முடிவு, ராடு மாற்றிய இடம் எல்லாவற்றிலும் இரண்டு லெக்கையும் அளந்து எழுதுங்கள்.

குறைகளில் முதலில் தேடவேண்டியது விரிசல். எந்த நீளமானாலும், எந்த இடமானாலும் டி1.1 அதை ஏற்பதில்லை. சில விரிசல்கள் ஹைட்ரஜனால் பல மணி நேரம் கழித்தும் வரும். தடித்த பிளேட்டுகளை மறுநாளும் பாருங்கள்.

அண்டர்கட் என்பது கரையை ஒட்டி பிளேட்டிலேயே விழும் வாய்க்கால். உருகிய இடத்தில் போதிய உலோகம் வந்து நிரம்பவில்லை. அதிகக் கரண்ட், நீண்ட ஆர்க், மேல் பிளேட்டில் கை நிற்காமல் ஓடுவது, மூன்றும் காரணம். 25 மி.மீ.க்குக் குறைந்த தடிமனில் 1 மி.மீ. ஆழம் வரை பொதுவாக அனுமதி உண்டு. சுமை மாறி மாறி வரும் முக்கிய உறுப்புகளில், இழுவிசைக்குக் குறுக்கே விழுந்திருந்தால் 0.25 மி.மீ. மட்டுமே. நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டும் இடத்தை அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

ஓவர்லாப் இதற்கு நேர் எதிரி. உலோகம் பிளேட்டை உருக்காமல் அதன் மேல் வழிந்து கிடக்கும். பெரும்பாலும் கீழ்க் கரையில் வரும், மெதுவாக ஓட்டுவதால் வரும். அளந்தால் லெக் பெரிதாகக் காட்டும் என்பதால் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. என் கணிப்பில் அண்டர்கட்டை விட இது மோசமானது. அண்டர்கட் தன்னை வெளிப்படையாகக் காட்டுகிறது, ஓவர்லாப் பிடித்திருப்பது போல நடிக்கிறது. அதன் விளிம்பின் அடியில் ஒரு சந்து உண்டு, விரிசலுக்கு அது தயாராக வைத்த வாசல்.

போராசிட்டி என்பது வாயு தங்கிய துளைகள். ஈரம், அழுக்கு, நீண்ட ஆர்க், காற்று ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட்டமுள்ள துளைகளின் கூட்டு விட்டம் 25 மி.மீ. நீளத்தில் 10 மி.மீ.யையும், 300 மி.மீ. நீளத்தில் 20 மி.மீ.யையும் தாண்டக் கூடாது என்பது டி1.1-ன் பொதுவான வரம்பு. ஆனால் பயிற்சியில் ஒரு துளை வந்தாலும் காரணத்தைத் தேடுங்கள். இந்த எண்களெல்லாம் ஒரு விதிமுறைக்கு உரியவை. ஐ.எஸ்.ஓ. 5817-ல் பி, சி, டி என்று மூன்று தர நிலைகள் உள்ளன, பி கடுமையானது. உங்கள் வேலை எதைச் சார்ந்தது என்று வரைபடத்தில் எழுதியிருக்கும்.

குறையைச் சரிசெய்யும்போது மேலே பூசி மறைக்கக் கூடாது. ஓவர்லாப்பைக் கிரைண்டரால் எடுங்கள். துளை, விரிசல் என்றால் நல்ல உலோகம் தெரியும் வரை தோண்டி எடுத்து, விரிசலின் இரண்டு முனையையும் தாண்டி 50 மி.மீ. வரை எடுத்து, சுத்தம் செய்து மறுபடி போடுங்கள். அண்டர்கட்டுக்கும் அளவு குறைந்த வெல்டுக்கும் மட்டுமே, சுத்தம் செய்தபின் மேலே சேர்த்துப் போடலாம்.

உடைத்துப் பாருங்கள்

இவ்வளவு பார்த்தும் ரூட் தெரியாது. அதற்கு ஒரே எளிய வழி உடைப்பது. 10 மி.மீ. தடிமனில் இரண்டு பிளேட் எடுத்து 150 மி.மீ. நீளத்துக்கு டீ ஜாயிண்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் 6 மி.மீ. லெக்கில் ஒரே ரன். நடுவில் வேண்டுமென்றே ஒரு முறை நிறுத்தித் தொடங்குங்கள், பலவீனம் அதிகம் ஒளியும் இடம் அதுதான். தானாக ஆறட்டும், தண்ணீரில் போடாதீர்கள். பிறகு கீழ்ப் பிளேட்டை இறுகப் பிடித்து, நின்ற பிளேட்டின் தலையை வெல்ட் இருக்கும் பக்கமாகத் தள்ளி மடக்குங்கள். அப்போதுதான் ரூட் வாய் திறக்கும். பிரஸ் இருந்தால் நல்லது, சுத்தியல் என்றால் துண்டு தெறிக்காதபடி மறைப்பு வைத்து, பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடையாமல் முழுவதும் மடங்கிப் படுத்துவிட்டால் வெல்ட் தேறியது. உடைந்தால் முகத்தைப் படியுங்கள். மூலை முழுக்க, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே மாதிரிச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் பிடிப்பு நன்று. பிளேட்டின் பழைய விளிம்பு கோடாகத் தெரிந்தால் அங்கே உருகவில்லை. கண்ணாடிச் சில்லு போலப் பளபளப்பது ஸ்லாக். உருண்டையான பளிச்சென்ற குழிகள் போராசிட்டி. டி1.1-ல் வெல்டர் தேர்வுக்கு உள்ள அளவுகோல் இது: ரூட் வரை முழுப் பிடிப்பு, 2.5 மி.மீ.க்கு மேல் எந்தக் குறையும் இல்லை, எல்லாக் குறைகளின் நீளமும் சேர்த்து 150 மி.மீ. துண்டில் 10 மி.மீ.க்கு உள்ளே.

ஒவ்வொரு துண்டின் மேலும் உடைப்பதற்கு முன்பே ஆம்பியர், ராடு, தேதி, நிறுத்தித் தொடங்கிய இடம் ஆகியவற்றைப் பெயிண்ட் பேனாவால் எழுதி, உடைந்த பிறகு இரண்டு பாதியையும் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 95 ஆம்பியரில் போட்டதையும் 120 ஆம்பியரில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல் துண்டில் கோடாக நிற்கும் அந்த விளிம்பு இரண்டாவதில் கரைந்து காணாமல் போயிருப்பது தெரியும். அந்த ஆம்பியரை உங்கள் மெஷினில் குறித்துக்கொண்டு, அடுத்த துண்டை அங்கிருந்து தொடங்குங்கள்.